ஆன்லைன் உளவியல் அறிமுக வகுப்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஆன்லைனில் நடக்கும் உளவியல் அறிமுக வகுப்பில் சில ஆண்டுகளாக ஆசிரியருக்கு உதவியாளராக இருக்கிறேன். அசைன்மெண்ட் திருத்துவதும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலை. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கெடு, மதிப்பெண் பங்கீடு போன்றவை வகுப்புக்கு வகுப்பு வேறுபடும். அவற்றில் உங்கள் பாடத்திட்டம் சொல்வதுதான் முடிவு.

1. இந்த வகுப்பை முடிச்சா அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சிடலாமா?

முடியாது. முகத்தைப் பார்த்து மனத்தைப் படிக்கும் வித்தை எந்த வாரப் பாடத்திலும் வராது. நடத்தையையும் மனத்தில் நடப்பதையும் அளந்து, சோதித்து அறியும் அறிவியல் உளவியல். 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வகம் தொடங்கியதைத்தான் பாடநூல்கள் இதன் தொடக்கமாகச் சொல்கின்றன. ஓர் ஒலி காதில் விழுந்த பிறகு ஆள் வினையாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளப்பது போன்ற வேலைகள்தான் அங்கே நடந்தன.

ஃப்ராய்டு, ஆலோசனை, சிகிச்சை என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் முதல் மாதத்தில் நியூரான், மாறி, கட்டுப்பாட்டுக் குழு என்று வருவதைப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். உளநலக் கோளாறுகளும் சிகிச்சையும் பெரும்பாலும் கடைசி வாரங்களில்தான் வரும். அதற்கு முன் மூளை, புலன்கள், கற்றல், நினைவு, வளர்ச்சி, ஆளுமை, சமூக உளவியல் எல்லாம் வந்துபோகும். தொடக்கத்தில் இருக்கும் ஆய்வு முறைகள் அத்தியாயத்தை மட்டும் தயவுசெய்து மேலோட்டமாகத் தாண்டிவிடாதீர்கள். மற்ற எல்லா அத்தியாயங்களும் அதன் மேல்தான் நிற்கின்றன.

2. எனக்குக் கணக்கு வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். சராசரி, பரவல், ஒட்டுறவு எண் ஆகியவற்றின் பொருள் புரிந்தால் போதும். சூத்திரம் போட்டுக் கணக்கிடச் சொல்வது அபூர்வம். பலரும் சறுக்கும் ஓர் இடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவு எண் -1 முதல் +1 வரை இருக்கும். அதில் -0.8 என்பது +0.3-ஐவிட வலுவான உறவு. கழித்தல் குறி உறவின் திசையை மட்டுமே சொல்கிறது, ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது என்று. வலுவை அந்த எண் சொல்லும். குவிஸில் இது கட்டாயம் வரும்.

3. ஆன்லைன்தானே, நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கலாம்ல?

எந்த மணிக்குப் படிப்பது என்பது உங்கள் விருப்பம். எந்த வாரத்தில் படிப்பது என்பது உங்கள் கையில் இல்லை. பெரும்பாலான வகுப்புகளில் வாரம் ஒரு அத்தியாயம், அதற்கொரு குவிஸ், ஒரு கலந்துரையாடல் என்று கெடு நகர்ந்துகொண்டே இருக்கும். 15 வார வகுப்பு என்றால் வாரத்துக்கு 6 முதல் 9 மணி நேரம் ஒதுக்குங்கள். அதே பாடத்தை 7 அல்லது 8 வாரத்தில் முடிக்கும் வகுப்பில் இது இரட்டிப்பாகும். பாடம் குறையாது, நாள்தான் குறையும். முழு நேர வேலையோடு அந்தக் குறுகிய வகுப்பை எடுப்பவர்கள் சேருவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 7 மணி நேரம் உட்காருவதைவிட, வாரத்தில் நான்கு நாள் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்காருவது நல்லது. இதற்கான காரணம் 5-ஆம் கேள்வியில் இருக்கிறது.

4. முதல் வாரம் என்னதான் செய்யணும்? எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

பாடத்திட்டத்தை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். எல்லாக் கெடுவையும் உங்கள் நாள்காட்டியில் ஏற்றுங்கள். நேரம் எந்த நேர மண்டலத்தின்படி என்று பாருங்கள். தேர்வுக்கு கேமரா தேவையா, உங்கள் கணினியில் அந்த மென்பொருள் ஓடுகிறதா என்று இப்போதே சோதியுங்கள். தேர்வு தொடங்கும் நிமிடத்தில் அனுமதி கேட்டுத் திரை உறைந்துபோய், கண்ணீரோடு எனக்குச் செய்தி அனுப்பியவர்கள் பலர். பாடநூலின் பழைய பதிப்பு போதுமா என்று ஆசிரியரிடம் கேட்பதில் தவறே இல்லை. பல வகுப்புகளில் போதும்.

5. வீடியோவை 2 தடவை பார்த்தேன், புத்தகம் முழுக்கக் கோடு போட்டேன். ஆனாலும் குவிஸ்ல பாதிதான் வந்துச்சு. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒரு மாணவி தன் பாடநூல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நினைவு பற்றிய அத்தியாயம். மஞ்சள் மை படாத வரி அதில் மூன்றோ நான்கோதான். அந்த உழைப்பு உண்மையானது. ஆனால் அந்த உழைப்பால் அவருக்குக் கிடைத்தது பாடம் பழகிப்போன உணர்வு மட்டுமே. திரும்பப் படிக்கும்போது 'ஆமாம், இது தெரியும்' என்று தோன்றும். கண்ணெதிரே இருப்பதை அடையாளம் காண்பது வேறு, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுப்பது வேறு. குவிஸ் கேட்பது இரண்டாவதை.

இதை உளவியலே சோதித்துப் பார்த்திருக்கிறது. 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களிடம் உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். சிலர் மறுபடி படித்தார்கள், சிலர் தாளில் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 சதவீதம், மறுபடி படித்தவர்கள் 42. குவிஸுக்கு முந்தின இரவு மறுபடி படித்தால் எல்லாம் தெரிந்தது போல இருப்பதும், பருவத் தேர்வில் கைவிடுவதும் இதனால்தான். இன்னும் பின்னால் போனால் ஹெர்மன் எபிங்ஹாஸ் இருக்கிறார். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நடந்து, பிறகு மெதுவாகிறது என்று காட்டியவர் அவர்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். ஒரு பிரிவைப் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். இரண்டு நாள் கழித்து, அந்தத் தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். முதல் முறை வெறுப்பாகத்தான் இருக்கும், பாதிகூட வராது. படம் அனுப்பிய அந்த மாணவியும் முதல் நாள் ஆறு வரிதான் எழுதினார். மாதக் கடைசியில் அவர் தாளில் இடம் போதவில்லை.

6. குவிஸுக்குப் புத்தகம் பார்த்துக்கலாம்னு போட்டிருக்கு. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?

கடிகாரத்தைப் பாருங்கள். 20 கேள்விக்கு 20 நிமிடம் என்றால், ஒவ்வொன்றுக்கும் பக்கம் புரட்டினால் எட்டாவது கேள்வியிலேயே நேரம் முடிந்துவிடும். கேள்விகளும் 'பாவ்லோவ் யார்' என்று நேராக வராது. ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லி, இதில் இயல்பான தூண்டல் எது, பழக்கத்தால் வந்த தூண்டல் எது என்று கேட்பார்கள். அதற்கான பதில் எந்தப் பக்கத்திலும் அச்சாகியிருக்காது. மூடிய புத்தகத் தேர்வு போலத் தயாராகுங்கள். புத்தகம் ஐயம் தீர்க்க மட்டும் இருக்கட்டும்.

7. கலந்துரையாடல்ல 'அருமையான கருத்து, முழுசா ஒத்துக்கறேன்'னு பதில் போட்டேன். மார்க்கே போடல. ஏன்?

அந்தப் பதிலில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும், வேறு எந்தப் பாடத்துக்குப் போட்டாலும் பொருந்தும். மதிப்பெண் போட அதில் பிடிமானம் இல்லை. பாடத்தில் வந்த ஒரு கருத்து, அதைத் தொடும் ஓர் உதாரணம், எதிரில் இருப்பவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி, இவை இருந்தால் ஐந்து வரி போதும்.

எனக்குப் பிடித்துப்போன ஒரு பதிலை இங்கே சுருக்கித் தருகிறேன்: 'படிக்கும்போது பாட்டுக் கேட்டால் நினைவு நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். ஆனால் நீங்கள் பாட்டுக் கேட்டது பிடித்த பாடத்துக்கு மட்டும்தானே? அப்படியென்றால் காரணம் பாட்டா, பாடமா? ஒரே பாடத்தைப் பாட்டோடும் பாட்டில்லாமலும் படித்துப் பார்த்தீர்களா?' கலைச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் குழப்பும் மாறி, அதாவது உண்மைக் காரணம் எதுவென்று தெரியாமல் குழப்பிவிடும் இன்னொரு காரணி, என்றால் என்னவென்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. முழு மதிப்பெண்.

இன்னொன்று: முதல் பதிவை வாரத்தின் நடுவிலேயே போடுங்கள். கெடு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போட்டால் உங்களோடு பேச யாரும் மிச்சம் இருக்க மாட்டார்கள்.

8. எதிர்மறை வலுவூட்டல்னா தண்டனைதானே? ஒவ்வொரு தடவையும் இதுல தப்பாகுது.

இல்லை. 'எதிர்மறை' என்ற சொல் காதில் விழுந்ததும் 'கெட்டது' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இந்தச் சொற்களை வகுத்த உளவியலாளர் ஸ்கின்னரின் கணக்கில் நேர், எதிர் என்பவை கூட்டலும் கழித்தலும் மட்டுமே. இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த நடத்தை கூடியதா, குறைந்ததா? கூடியிருந்தால் வலுவூட்டல், குறைந்திருந்தால் தண்டனை. ஏதாவது சேர்ந்ததா, நீங்கியதா? சேர்ந்தால் நேர், நீங்கினால் எதிர். சீட் பெல்ட் போடும்வரை கார் கத்துகிறது, போட்டதும் சத்தம் நிற்கிறது. மறுநாள் ஏறியவுடன் போடுகிறீர்கள். நடத்தை கூடியது, சத்தம் நீங்கியது. அதுதான் எதிர்மறை வலுவூட்டல்.

தேர்வில் இதைக் கொஞ்சம் முறுக்குவார்கள். குழந்தை அழுகிறது, அப்பா பொம்மை வாங்கித் தருகிறார், அழுகை நிற்கிறது. அடுத்த முறை குழந்தை இன்னும் சீக்கிரம் அழுகிறது, அப்பாவும் இன்னும் சீக்கிரம் வாங்குகிறார். குழந்தைக்குக் கிடைத்தது நேர் வலுவூட்டல், அப்பாவுக்குக் கிடைத்தது எதிர்மறை வலுவூட்டல். விடை குறிக்கும் முன், யாருடைய நடத்தையைக் கேட்கிறார்கள் என்று கேள்வியைத் திரும்ப ஒரு முறை படியுங்கள்.

9. ஆய்வுக் கட்டுரை படிச்சு எழுதச் சொல்றாங்க. முதல் பக்கமே புரியல.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. சுருக்கத்தைப் படியுங்கள். பிறகு செய்முறைப் பகுதிக்குப் போய் யாரை, எத்தனை பேரை, என்ன செய்யச் சொன்னார்கள் என்று கதை போல உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். அடுத்து கடைசியில் உள்ள விவாதம். புள்ளிவிவரப் பகுதியை இறுதியாகப் பார்த்தால் போதும். அங்கே எல்லாம் புரியாவிட்டாலும் இந்த வகுப்புக்குக் குறைவில்லை.

லாஃப்டஸும் பால்மரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். 45 மாணவர்களுக்கு விபத்துப் படங்கள் காட்டினார்கள். கார்கள் ஒன்றையொன்று 'இடித்தபோது' என்ன வேகம் என்று சிலரிடம் கேட்டார்கள், 'மோதி நொறுங்கியபோது' என்று சிலரிடம். இடித்தபோது என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி மணிக்கு 34 மைல். நொறுங்கியபோது என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 40-க்கும் மேல். படம் ஒன்றுதான், மாறியது ஒரு வினைச்சொல். இங்கே ஆய்வாளர் மாற்றியது அந்தச் சொல், அது சாரா மாறி. அளந்தது வேகக் கணிப்பு, அது சார்ந்த மாறி. இந்த இரண்டையும் சரியாக அடையாளம் காட்டி, பார்த்தவர்கள் மாணவர்கள் மட்டுமே, பார்த்ததும் நேரில் நடந்த விபத்து அல்ல, படம்தான் என்று ஒரு வரம்பையும் சொல்லிவிட்டால் உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு தயார்.

10. என் சொந்த அனுபவத்தையே ஆதாரமா எழுதக் கூடாதா? அது நிஜமா நடந்தது.

உதாரணமாக எழுதலாம், ஆதாரமாக எழுத முடியாது. 'என் தங்கை படம் பார்த்தால்தான் கற்பாள், ஆகவே அவள் காட்சிவழிக் கற்பவள்' என்று அடிக்கடி வரும். ஆளுக்கொரு கற்றல் பாணி உண்டு, அந்தப் பாணியில் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள் என்ற நம்பிக்கையை பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் அலசினார்கள். போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னார்கள். தங்கை படம் பார்த்துப் புரிந்துகொண்டது பொய்யல்ல. அந்தப் பாடத்துக்குப் படம் எல்லோருக்குமே உதவியிருக்கலாம். ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் எதுவென்று சொல்ல முடியாது. 7-ஆம் கேள்வியில் பாட்டைப் பற்றிக் கேட்டவர் செய்ததும் இதைத்தான்.

11. மேற்கோள் காட்டற முறை தலை சுத்துது. அவ்வளவு முக்கியமா?

பெரும்பாலும் அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ நடையின் 7-ஆம் பதிப்பைக் கேட்பார்கள். கமா எங்கே, சாய்வெழுத்து எங்கே என்பதில் நேர்ந்த தவறுக்கு அதிகம் குறைக்க மாட்டோம். யாருடைய கருத்து என்பதையே சொல்லாமல் விட்டால் அது கருத்துத் திருட்டு, அங்கே விட்டுக்கொடுக்க முடியாது. சொற்களை மாற்றிப்போட்டாலும் கருத்து அவருடையதுதான், பெயரும் ஆண்டும் வர வேண்டும்.

12. சாட்ஜிபிடிகிட்ட கேட்டு எழுதிக்கலாமா?

முதலில் உங்கள் வகுப்பின் விதியைப் பாருங்கள். சில ஆசிரியர்கள் முழுதாகத் தடுக்கிறார்கள், சிலர் எங்கே பயன்படுத்தினீர்கள் என்று சொன்னால் போதும் என்கிறார்கள். விதி எழுதப்படவில்லை என்றால் கேளுங்கள். இல்லாத ஆய்வுக் கட்டுரையை ஆண்டு, பக்க எண்ணோடு சாட்ஜிபிடி உருவாக்கித் தருவதுண்டு. நான் திருத்தும்போது ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்கிறேன். கிடைக்காத கட்டுரைக்கு விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

5-ஆம் கேள்வியை நினைத்துப் பாருங்கள். பாடம் உங்களிடம் நிலைப்பது நீங்கள் நினைவிலிருந்து தேடி எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான். அதையே வேறொன்றிடம் ஒப்படைத்தால் கட்டுரை கைக்கு வரும், பாடம் வராது. அனுமதி இருந்தால், அத்தியாயத்திலிருந்து உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பயன்படுத்துங்கள். விடையைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

13. ஆய்வுல பங்கேற்றா மார்க்னு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு, கட்டாயமா?

ஆய்வில் பங்கேற்பது கட்டாயம் அல்ல. அதற்கு இணையாக ஒரு மாற்று வேலை, பெரும்பாலும் ஒரு சிறு கட்டுரை, இருக்க வேண்டும். பங்கேற்றாலும் தொடங்கும் முன் என்ன நடக்கும் என்று சொல்லி ஒப்புதல் வாங்குவார்கள். நடுவில் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டாம். முடிந்ததும் ஆய்வின் நோக்கத்தை விளக்குவார்கள்.

இந்த விதிகள் சும்மா வந்தவை அல்ல. 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய ஆய்வில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பியபடி 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். உண்மையில் அதிர்ச்சி எதுவும் போகவில்லை, அந்தப் பக்கம் இருந்தவர் நடித்தார். ஆனால் பொத்தானை அழுத்தியவர்கள் வியர்த்ததும் நடுங்கியதும் நிஜம். இன்று மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் உங்களிடம் வராது. இங்கே அதிகபட்சம் திரையில் சொற்களைப் பார்த்துப் பொத்தான் அழுத்துவீர்கள், அல்லது ஒரு வினாப் படிவம் நிரப்புவீர்கள்.

14. பாடநூல்ல இருக்கற பல ஆய்வுகள் திரும்பச் செஞ்சா வரலைன்னு படிச்சேன். அப்புறம் எதை நம்பிப் படிக்கறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி. நீங்கள் படித்தது உண்மை. 2015-இல் வெளிவந்த ஒரு பெரிய கூட்டு முயற்சி, 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவு தந்தவை. மறு ஆய்வில் அப்படித் தந்தவை 36 சதவீதம் மட்டுமே. 1971-இன் ஸ்டான்போர்டு சிறை ஆய்வும் அடி வாங்கியது. மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் இருக்கச் சொல்லி, 14 நாள் திட்டமிட்டு 6 நாளில் நிறுத்தப்பட்ட ஆய்வு அது. காவலர்களாக இருந்தவர்கள் தாமாகவே கொடுமைக்காரர்களாக மாறினார்கள் என்றே நெடுநாள் சொல்லப்பட்டது. எப்படி நடக்க வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே குறிப்பு தரப்பட்டதை 2019-இல் வந்த ஆவண ஆய்வு காட்டியது.

தவறைக் கண்டுபிடித்தவர்களும் உளவியலாளர்கள்தான் என்பதை விட்டுவிடாதீர்கள். இப்போது பல ஆய்வாளர்கள் கருதுகோளையும் அலசும் முறையையும் தரவு சேர்க்கும் முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள். எபிங்ஹாஸின் மறதிக் கோடு 2015-இல் மறுபடி செய்தபோதும் கிட்டத்தட்ட அப்படியே வந்தது. ஆகவே ஒவ்வோர் ஆய்வையும் படிக்கும்போது எத்தனை பேர், மறுபடி வந்ததா, வேறு விளக்கம் உண்டா என்று கேளுங்கள். தேர்வில் பாடநூல் சொல்வதை எழுதுங்கள். விமர்சனம் தெரிந்தால் கூட ஒரு வரி சேருங்கள், யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

15. கோளாறுகள் பாடம் படிக்கப் படிக்க எல்லாமே எனக்கு இருக்கற மாதிரி தோணுது.

பலருக்கும் வரும். மருத்துவ மாணவர்களிடமும் இது பழைய கதை. அறிகுறிப் பட்டியலில் உள்ளவை எல்லோர் வாழ்விலும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பவை. கோளாறு என்று சொல்ல அவை எவ்வளவு நாள், எவ்வளவு தீவிரம், அன்றாடத்தை எவ்வளவு குலைக்கிறது என்பதெல்லாம் வேண்டும். உளநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி பெரும் மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். சோர்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை, இந்த இரண்டில் ஒன்று அந்த ஐந்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆனால் படிக்கும்போது 'இது உண்மையிலேயே நான்தான்' என்று நெஞ்சு கனத்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். நானோ ஆசிரியரோ சிகிச்சையாளர் அல்ல. கல்லூரியின் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள். எந்த அசைன்மெண்ட்டிலும் உங்கள் வலியைத் திறந்து காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கற்பனையான ஒருவரை உதாரணமாக வைத்து எழுதினாலும் அதே மதிப்பெண்தான்.

16. கெடு தவறிடும் போல இருக்கு. என்ன சொல்லிக் கேக்கறது?

கெடு தாண்டுவதற்கு முன் எழுதுங்கள், அதுதான் பாதி வெற்றி. நீண்ட விளக்கம் வேண்டாம். 'வணக்கம். வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருப்பதால் 6-ஆம் வாரக் கட்டுரையை வெள்ளிக்கிழமை முடிக்க முடியவில்லை. முன்னுரையும் செய்முறைப் பகுதியும் எழுதிவிட்டேன், இணைத்திருக்கிறேன். திங்கள்கிழமை இரவுக்குள் தரலாமா?' இவ்வளவு போதும். எழுதியவரை இணைத்திருப்பதால் நீங்கள் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள் என்று ஆசிரியருக்குத் தெரிகிறது. புதிய நாளையும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், அவர் சரி என்றால் போதும்.

17. ரெண்டு வாரம் பின்தங்கிட்டேன். விட்டுடலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். குவிஸுக்கு மொத்தம் 30 மதிப்பெண், 15 வாரமும் ஒவ்வொன்று என்றால், இரண்டு வாரம் தவறியதில் போனது 4. அதிலும் பல வகுப்புகளில் மிகக் குறைந்த ஒன்றிரண்டு குவிஸ் மதிப்பெண்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். மனம் சொல்லும் அளவுக்கு நிலைமை மோசமாக இருப்பதில்லை.

விட்ட இடத்திலிருந்து தொடங்க நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் மீள்வதில்லை. அவர்கள் 5-ஆம் வாரத்தை முடிப்பதற்குள் 8-ஆம் வாரமும் தவறிப்போகிறது. இந்த வாரத்தின் வேலையை இந்த வாரம் முடியுங்கள். பழைய அத்தியாயங்களை நாளுக்கு அரை மணி நேரம் பின்னிருந்து எடுங்கள். ஆய்வு முறைகள் அத்தியாயம் விட்டுப்போயிருந்தால் அது ஒன்றை மட்டும் முதலில் படியுங்கள். தண்டம் இல்லாமல் விலகக் கடைசி நாள் எது என்று பார்த்துவைத்து, அதற்கு ஒரு வாரம் முன் எனக்கோ ஆசிரியருக்கோ எழுதுங்கள். இதுவரை வாங்கிய மதிப்பெண்ணையும் மிச்சம் இருப்பதையும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.